சுவரில் சாத்திய வரிசை

எங்கள் சைக்கிள் கழகத்தில் எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சுபஹு தொழுகை முடிந்த கையோடு பாலாவிச் சந்தியில் கூடி, ஆலங்குடா வரை ஓடி, அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்குவோம். சைக்கிள்களைக் கடையின் பக்கச் சுவரில் சாத்துவோம். சாத்திய வரிசைதான் திரும்பும்போது முன்னுக்குப் போகிற வரிசை. முதலாவது சைக்கிள்காரர் ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் போய்க் காற்றை நெஞ்சில் தாங்குவார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, சில்லுக்குச் சில்லு ஒரு முழ இடைவெளியில் வருவார்கள். பாதையோரத்தில் அடுத்த கிலோமீட்டர்க் கட்டை வந்ததும் அவர் விலகிக் கடைசிக்குப் போவார், இரண்டாமவர் முன்னுக்கு வருவார்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் இந்த முறை இல்லாவிட்டால் திரும்பி வரவே முடியாது. போகும்போது முதுகில் தள்ளிவிடும் காற்று, வரும்போது வலப்பக்கம் முன்னாலிருந்து அறையும். ஆலங்குடாத் திருப்பத்திலிருந்து பாலாவிச் சந்தி வரை இருபத்தொரு கட்டைகள். நாங்கள் ஏழு பேர். ஆளுக்கு மூன்று.

இந்தக் கணக்கை நான் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். பதினாறு வயதில் மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு வந்த நாள்தொட்டு நாட்குறிப்பு எழுதி வருகிறேன். உப்பளத்தில் பாத்திகளின் உவர் அளவைக் காலையும் மாலையும் எடுத்துப் பதிவதுதான் தொழில். எடுக்காத அளவை நான் நம்புவதில்லை. சைக்கிள் ஓட்டத்துக்கென்று தனிக் கொப்பி ஒன்று, நீல உறை போட்டது. புறப்பட்ட நேரம், காற்றின் திசை, யார் யார் வந்தார்கள், யார் எந்தக் கட்டையில் முன்னால் போனார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்த வருடம் அதில் இன்னொரு நிரல் சேர்ந்தது. என் நாடித் துடிப்பு.

பெப்ரவரியில் ஒரு நாள் உப்பளத்தில் பம்பி அறைப் படியேறும்போது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டது. இதயத் துடிப்பில் ஒழுங்கில்லை என்று மருத்துவர் சொன்னார். காலையும் இரவும் ஒரு குளிசை. சைக்கிள் ஓடலாம், ஆனால் நாடி நூற்று முப்பதைத் தாண்டினால் நிறுத்தி இறங்கிவிட வேண்டும். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கழகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம் எங்களில் ஒருவர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தார். எல்லோரும் அன்பாக விசாரித்தார்கள். முன்னுக்கு வர வேண்டாம், பின்னாலேயே வாருங்கள் என்றார்கள். பிறகு பாதி தூரம் போதும் என்றார்கள். இரண்டு மாதத்தில் அவர் தண்ணீர்ப் போத்தல் ஏற்றிவரும் ஓட்டோவில் உட்கார்ந்து எங்களுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த மாதம் அதுவும் இல்லை. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. அன்புதான் அவரை ஓட்டோவில் ஏற்றியது. அந்த ஓட்டோவில் நான் ஏறக் கூடாது. அந்த வருடம் முழுக்க என் மனதில் இருந்தது இவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் கொப்பியைத் தேத்தண்ணிக் கடையில் விட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை. செவ்வாய்க்கிழமை உப்பள வாசலில் அதைக் கொண்டுவந்து தந்தவர் கழகத்தில் எனக்கு மிக நெருக்கமானவர், சிலாபம் பக்கத்திலிருந்து வந்து பாலாவியில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருப்பவர். சிங்களவர், கத்தோலிக்க வேதக்காரர். எங்களைவிட வேகமாகத் தமிழ் கதைப்பார். பதினொரு வருடப் பழக்கம். கடைக்காரம்மா தன்னிடம் தந்ததாகச் சொன்னார். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததுதான் என்னை உறுத்தியது. ஞாயிறு முதல் செவ்வாய் வரை இரண்டு இரவுகள் ஒரு கொப்பி கையில் இருந்தால் எவரும் புரட்டித்தான் பார்ப்பார்கள். நானாக இருந்தால் பார்த்திருப்பேன். கடைசிப் பக்கத்தில், மருத்துவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி, அடியில் ‘கழகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை’ என்று கோடும் போட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சைக்கிளை இரண்டாவதாகச் சாத்திவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அது நான்காவதாக நின்றது. எஞ்சின்காரர் பக்கத்தில் குந்தியிருந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காய்ந்து போயிருந்ததாம். நன்றி சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு ஐந்தாவதாகச் சாத்தினேன். சில்லில் காற்றுக் குறைவு என்று பம்பியோடு நின்றார். சைக்கிள் நான்காவதாக நின்றது.

அன்றிரவு கொப்பியைத் திறந்து கட்டைகளைப் பார்த்தேன். நான்காமவருக்கு வருவது நான்கு, பதினொன்று, பதினெட்டு. நான்காம் கட்டையில் வீடுகளும் மதில்களும். பதினொன்று தென்னந்தோப்புக்குள்ளால் போகும் பாதை. பதினெட்டில் ஒரு நீண்ட தொழிற்சாலை மதில். ஏழு பேரில் ஒருவருக்கு மட்டும் மூன்று கிலோமீட்டரும் காற்றுப்படாத கிலோமீட்டர். அந்த ஒருவர் இரண்டு வாரமாக நான்.

தற்செயல் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, ஏழு பேரும் வந்த ஞாயிறுகளை மட்டும் எடுத்து எண்ணினேன். ஜூலை முடிய அப்படி எட்டு ஞாயிறுகள். ஆறில் நான் நான்காவது. முந்திய வருடத்தில் அதே எண்ணிக்கையில் ஒரு தடவை மட்டும்.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்தால் எல்லாம் அதற்குச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். எங்கள் கழகத்துக்கு வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. எல்லோரும் எழுதுவார்கள், எஞ்சின்காரர் மட்டும் எப்போதும் குரல் செய்திதான் அனுப்புவார். முன்பெல்லாம் அதைச் சோம்பல் என்று நினைத்திருந்தேன். இப்போது, எதையும் எழுத்தில் விட்டுவைக்காத மனுசர் என்று பட்டது. கடையில் நான் உள்ளே வந்ததும் பேச்சு நின்றதாகத் தோன்றியது. நான் முன்னுக்குப் போகும்போது பின்னால் வேகம் குறைவதாகவும் தோன்றியது. அது தோற்றமில்லை, வரிசை அறாமலிருக்க நானும் மெதுவாகியதில் என் சைக்கிள் மீட்டரில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்திருந்தது.

மனைவியையும் விடவில்லை. ஒரு நாள் இடியப்பம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கழகத்து ஆட்கள் யாரிடமாவது என் விசயம் சொன்னாயா என்று கேட்டேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சொல்லாம இருக்கிறதுதான் பிழை எண்டு நினைக்கிறன். பதினொரு வருசமா கூட ஓடுற மனுசனை இப்பிடி வேவு பாக்கிறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?”

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு சட்டைப் பையில் ஒரு துண்டு வெண்கட்டியோடு போனேன்.

அன்று கச்சான் பலமாக இருந்தது. கண்டக்குழிப் பக்கத்திலிருந்து வந்த மீன் லொறிக்காரர் ஒருவர், இந்தக் காற்றில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு வீட்டில் அவ்வளவு தொல்லையா என்று எங்களைக் கேட்டுவிட்டுப் போனார். நான் சைக்கிளை இரண்டாவதாகச் சாத்தி, முன்சில்லுக்கு நேரே சுவரடியில் சின்னதாக ஒரு கோடு போட்டேன். பிறகு கடைக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தாங்கியின் மறைவில் நின்று பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில், உப்பளத்தில் நாற்பது பேருக்கு மேற்பார்வையாளர், தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

எஞ்சின்காரர் வந்தார். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ஒளிவு மறைவில்லாமல் என் சைக்கிளைத் தூக்கி நான்காவது இடத்தில் வைத்தார். ஹேண்டிலில் தொங்கிய என் தொப்பியைச் சரிசெய்துவிட்டுத் தன் கோப்பையை எடுக்கத் திரும்பினார்.

நான் மறைவிலிருந்து வெளியே வந்தேன். கோட்டைக் காட்டினேன். கடையின் வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். எங்கள் தலைவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், வடையைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

“நீங்க என்ட கொப்பிய வாசிச்சீங்கதானே?” என்றேன்.

எஞ்சின்காரர் சுவரடிக் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கை நீட்டிக் கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இதில என்ட பேர் எங்க இருக்கு எண்டு காட்டுங்க நாநா. எனக்குத் தெரியாது.”

எனக்கு விளங்கவில்லை.

“நான் படிச்சது சிங்கள ஸ்கூல்ல. தமிழ் வாயில வரும். எழுத்தைப் பாத்தா எறும்பு போற மாதிரித்தான் தெரியும். பஸ் போர்டையே நான் சிங்களத்திலதானே வாசிக்கிறது.”

வாங்கில் யாரோ சிரித்தார்கள். அதிபருக்கு இது முதலே தெரியும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பதினொரு வருடத்தில் எத்தனையோ ஞாயிறுகள், போன தூரம் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது. பக்கத்தில் ஓடுகிறவருக்கு என் மொழியின் எழுத்துத் தெரியாது என்பது மட்டும் இல்லை. தமிழ் அவ்வளவு சரளமாக வந்ததால் நான் கேட்கவே இல்லை. குரல் செய்திகளின் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

“அப்ப எப்பிடித் தெரியும்?” என்றேன்.

தன் இடது மணிக்கட்டை வலது கையின் இரண்டு விரலால் பிடித்து, மணிக்கூட்டை உற்றுப் பார்த்து, உதடுகளை எண்ணுவதுபோல் அசைத்தார். அது நான். அவ்வளவு சரியாக என்னை நான் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

“பெப்ரவரிக்குப் பிறகு ஒவ்வொரு நிப்பாட்டிலயும் இதுதானே உங்கட வேலை. இதுக்குக் கொப்பி வாசிக்கோணுமா? எங்கட அப்பாவும் மீன்பிடி போட்ல இப்பிடித்தான் பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தவர். ஒருத்தருக்கும் சொல்லல்ல.”

அப்பாவுக்கு என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கச்சான் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்ததாகவும், காற்று எழுந்ததும் எனக்கு மதில் கட்டைகள் வரும்படி தானே கணக்குப் பார்த்ததாகவும் சொன்னார். எனக்கு அவமானமாகிவிடும் என்று நேரே கேட்கவில்லையாம். மற்றவர்களிடமும் சொல்லவில்லையாம். வேகம் குறைந்தது அவர் செய்ததுதான். என் பின்னால் வரும்போதெல்லாம் மெல்ல மெல்ல மற்றவர்களை இழுத்துப் பிடித்திருக்கிறார்.

அதிபர் வடையைத் தட்டில் வைத்தார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

“ஓட்டோ பயத்திலதானே சொல்லாம இருந்தீங்க. அது எங்கட பிழை. ஆனா நாங்க உங்கட பின்சில்லைப் பாத்துக்கொண்டு வாறம், றோட்டைப் பாக்கிறதில்ல. முன்னுக்கு நீங்க விழுந்தா பின்னால ஆறு பேர் விழுவம். அதை உங்கட கொப்பியில எழுதினீங்களா?”

எழுதவில்லை. மருத்துவர் சொன்னதெல்லாம் எழுதியிருந்தேன். யார் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பின்னால் வருகிற ஆறு பேர் அதில் எங்கும் இல்லை. மூன்று மாதமாக ஒளிவு தேடிக்கொண்டு திரிந்த என்னிடம்தான் ஒளிவு இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெப்ரவரி, குளிசை, நூற்று முப்பது. யாரும் உச்சுக்கொட்டவில்லை. கடைக்காரம்மா மட்டும் என் தேத்தண்ணியில் போட்ட சீனி கூடிவிட்டதோ என்று கவலைப்பட்டார். முன்னுக்குப் போகலாமா கூடாதா என்று அதிபர் என்னிடமே கேட்டார். மருத்துவர் மறுக்கவில்லை, மூச்சு வாங்கினால் நிறுத்தத் தெரியும் என்றேன். அப்படியானால் ஒரு நிபந்தனை என்றார். முடியாது என்று பட்டவுடன் வலது முழங்கையை வெளியே நீட்ட வேண்டும், அடுத்தவர் உடனே முன்னுக்கு வருவார். நான் நீட்டும்வரை யாரும் தாமாக வரக் கூடாது.

எஞ்சின்காரர் என் சைக்கிளைத் தூக்கி மறுபடி வெண்கட்டிக் கோட்டுக்கு நேரே வைத்தார். தன்னுடையதை மூன்றாவதாக, எனக்கு அடுத்ததாகச் சாத்தினார்.

இரண்டாமவருக்கு வருவது இரண்டு, ஒன்பது, பதினாறு. இரண்டாம் கட்டையைச் சுகமாகக் கடந்தேன். ஒன்பதாம் கட்டையில் மதிலும் இல்லை, தோப்பும் இல்லை. பாதையின் இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டங்கள், கடற்கரை வரை வெட்டை. கச்சான் அங்கே மணலோடு வந்தது. கால் கிலோமீட்டரில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அரைக் கிலோமீட்டரில் என் மூச்சின் சத்தம் காற்றின் சத்தத்தைவிடக் கூடக் கேட்டது. அப்போதும் அந்தப் பழைய எண்ணம் வந்தது. பின்னால் வேகத்தைக் குறைக்கிறார்களோ, நான் நீட்டுமுன் அவர் வந்துவிடுவாரோ. தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் என் பின்சில்லையே பார்த்தபடி, ஒரு முழ இடைவெளியில், அப்படியே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வரவும் இல்லை.

அடுத்த கட்டை கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை போயிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். முழங்கையை நீட்டினேன்.

அவர் வலப்பக்கத்தால் கடந்து முன்னுக்கு வந்தார். காற்று சட்டென்று நின்றது. வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்ததும் கை தன்பாட்டில் மணிக்கட்டுக்குப் போனது, பாதியில் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கொப்பியில் ‘ஒன்பதாம் கட்டை, எழுநூறு மீட்டர்’ என்று எழுதினேன். நாடி நிரலில் அன்றைக்கு எண் இல்லை.