எரிமலை என்கிற பீரோ

நிறுவனத்தின் அதிகாரபூர்வக் குறிப்பு இப்படிச் சொல்கிறது: “எரிமலை. உயரம் ஆறரை அடி. எடை நூற்று நாற்பது கிலோ. எல்லைப்புறக் காடுகளில் பிறந்து, காட்டெருமைகளை வெறுங்கையால் அடக்கி வளர்ந்தவர். சொந்த மண்ணுக்காக மட்டுமே மோதுபவர். இரக்கம் என்ற சொல்லையே அறியாதவர்.”

இதில் எடை மட்டும் ஏறக்குறைய சரி, அவர் முதுகில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருக்கும்போது நிறுத்தால். அவர் பிறந்தது நகராட்சி மருத்துவமனையில். எருமையைப் பால் பாக்கெட்டில் அச்சடித்த படமாகப் பார்த்திருக்கிறார். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது தொழில். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மூன்றாம் மாடியிலிருந்து இறக்கியதால் பீரோ என்று பெயர் வந்தது. வங்கிக் கணக்கைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுதான் பெயர். இரக்கத்தைப் பற்றிச் சொன்னால், படிக்கட்டு வளைவில் மேசைக் கால் லேசாகச் சுவரில் உரசினாலும் “சாரி” என்பார். சாரி சுவருக்கா மேசைக்கா என்பது, மறுமுனையைப் பிடித்திருக்கும் அவருடைய மைத்துனருக்கே இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்டவர் எரிமலையானதற்குக் காரணம் ஒரு வெளிநாட்டு மல்யுத்த நிறுவனம். அது நடத்துவது தொழில்முறை மல்யுத்தம். யார் ஜெயிப்பது என்று முன்பே முடிவாகிவிடும், அடிகள் ஒத்திகை பார்க்கப்பட்டவை, விழுவது மட்டும் நிஜம். சொந்த நாட்டில் எல்லா வீட்டிலும் அதன் பொம்மைகள் விற்றுத் தீர்ந்துவிட்டதால் பிற நாடுகளுக்குப் பரவ முடிவு செய்தது. அதற்காக அனுப்பப்பட்ட அதிகாரியின் பதவியை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அதில் ‘விரிவாக்கம்’ என்ற சொல் இருந்தது. ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துக்கொண்டது. அவர் இந்த ஊர்க்காரர்தான், வெளியே போய்ப் படித்துத் திரும்பியவர். முட்டாள் அல்ல. “நாம விக்கிறது சண்டை இல்ல, கோபம்,” என்பார். “கோபம் எல்லா ஊர்லயும் இருக்கு. எங்க வச்சிருக்காங்கன்னுதான் தேடணும்.”

தேடல் விளையாட்டுத் துறை அலுவலகத்தில் தொடங்கியது.

“முடிவு முன்னாடியே தெரியுமா?” என்று அங்கே கேட்டார்கள்.

“தெரியும் சார்.”

“அப்ப இது விளையாட்டு இல்ல. சூதாட்டமா இருக்கணும், இல்லேன்னா நாடகம். சூதாட்டம்னா போலீஸைக் கூப்பிடணும். நாடகம்னா பக்கத்துக் கட்டடம்.”

விரிவாக்கம் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார். நாடகத்துக்கு வசனப் பிரதி வேண்டும் என்றார்கள். உலகெங்கும் மல்லர்கள் தங்களுக்குள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சண்டையை அவர் உட்கார்ந்து எழுதினார். இன்னும் ஆள் கிடைக்காத உள்ளூர் நாயகனுக்கு எரிமலை என்று பெயர் வைத்து, வெளிநாட்டு வில்லனான கசாப்புக்காரனோடு மோதவிட்டு, கடைசிப் பக்கத்தில், “எரிமலை கசாப்புக்காரனைத் தலைக்கு மேல் தூக்கி எறிகிறார். கசாப்புக்காரன் மல்லாந்து விழுகிறார். நடுவர் எண்ணுகிறார்,” என்று முடித்தார். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழுந்தது. அனுமதித்த பிரதியிலிருந்து ஓர் அசைவும் மாறக்கூடாது, மாறினால் அனுமதி ரத்து, ஆய்வாளர் ஒருவர் முன் வரிசையில் இருந்து சரிபார்ப்பார். எறிந்தே தீர வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்ட மல்யுத்தம் அப்படித்தான் உருவானது.

துறைமுகத்தில் அடுத்த சிக்கல். கம்பங்களும் கயிறுகளும் நாடக மேடைச் சாமான் என்று வெளியே வந்துவிட்டன. மேடைப் பலகைக்கு அடியில் பொருத்தும் சுருள் கம்பிகளையும் தடித்த பஞ்சு விரிப்பையும் சுங்க அதிகாரி அழுத்திப் பார்த்தார். கம்பியும் பஞ்சும் சேர்ந்தால் மெத்தை. ஏற்கெனவே ஆள் விழுந்த தடம் இருந்ததால் பழைய மெத்தை. பழைய மெத்தையை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை இருந்தது. ஆகவே உள்ளூர்த் தச்சர் ஒருவர் மரச்சட்டங்கள் மேல் கெட்டிப் பலகை அடித்து, மேலே துணி இழுத்துக் கட்டிக்கொடுத்தார். காலால் ஓங்கி மிதித்துக் காட்டி, “யானையே நின்னாலும் அசையாது சார்,” என்றார். அசைய வேண்டும் என்பதுதான் விஷயம் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

உள்ளூர் நாயகன் கிடைப்பதும் எளிதாக இல்லை. நிஜமான மல்யுத்தப் பயிற்சிக்கூடத்தில், முன்பே முடிவான சண்டையில் தோற்கவும் மாட்டோம், ஜெயிக்கவும் மாட்டோம் என்றார்கள். உடற்கட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய ஒருவர் எண்ணெய் பூசிக்கொண்டு வந்து நின்றார். நிற்பதைத் தவிர வேறு எதற்கும் உடன்படவில்லை. அந்த வேளையில்தான் அரங்கத்துக்குச் சாமான் ஏற்ற வந்த பீரோ, மேடையின் இரும்புக் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் ஓரமா, கொஞ்சம் ஓரமா,” என்று விரிவாக்கத்தைத் தாண்டிப் போனார்.

பீரோ சம்மதித்ததற்குக் காரணம் புகழாசை அல்ல, முழங்கால். கொஞ்ச காலமாகப் படி ஏறும்போது முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்திருந்தன. முதல் காட்சி சரியாக நடந்தால் பல நாடுகளுக்குப் போகும் குழுவில் நிரந்தர இடம் என்று விரிவாக்கம் சொல்லியிருந்தார். பீரோவின் மனைவி பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவர். வலியை முகத்தைப் பார்த்தே எடைபோடுபவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அந்த வேலையில படிக்கட்டு இருக்கா?”

“மேடைக்கு நாலு படி. அவ்வளவுதான்.”

“அப்ப போங்க.”

விளம்பரத்துக்காக ஒரு பத்திரிகையாளர் கூட்டம், ஊர்க்காரர்களையும் அழைத்திருந்தார்கள். வில்லன் ஊரை இழிவுபடுத்த வேண்டும், ஊருக்கு ரத்தம் கொதிக்க வேண்டும், அந்தக் கொதிப்பு நுழைவுச்சீட்டாக விற்க வேண்டும் என்பது திட்டம். கசாப்புக்காரன் என்ற அந்த வெளிநாட்டு வில்லன் தாடியைத் தடவிக்கொண்டு கர்ஜித்தார். வெளிநாட்டுக் கிடங்கொன்றில் சில வருஷம் வேலை பார்த்த மைத்துனர் மொழிபெயர்த்தார்.

“உங்க ரோடெல்லாம் குழிங்கறாரு. குழாயில தண்ணி வரலைங்கறாரு. உங்க ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக்கு ஒன்பது தடவை நடக்க வைக்கிறீங்களாம்.”

கூட்டம் கை தட்டியது. பின் வரிசையிலிருந்து ஒருவர், “நம்ம வார்டுல நிக்கச் சொல்லுங்கப்பா,” என்றார். விரிவாக்கம் தேடிய கோபம் கிடைத்துவிட்டது. ஆனால் அது ஏற்கெனவே வேறு ஆட்கள் மேல் முன்பதிவாகியிருந்தது. சுவரொட்டியில் கசாப்புக்காரனுக்குப் பொட்டுப்பொட்டாக ரத்தம் வரைந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அவரைத் தெருவில் பார்த்தால் வணக்கம் வைத்தார்கள்.

நேரில் அவர் வணக்கத்துக்குரியவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் பின்னுவதற்காகப் பேத்தியின் தோள் அளவைப் போனில் கேட்டுக் குறித்துக்கொள்பவர். வீட்டுச்சாமான் கிடங்கில், வாடிக்கையாளர்கள் விட்டுப்போன மெத்தைகளைப் பரப்பி இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். மெத்தை மேல் பீரோ அவரைத் தாராளமாக எறிந்தார். ஒவ்வொரு முறையும் “சாரி” சொன்னது மட்டும் குறை.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் கசாப்புக்காரன் பீரோவின் விரலைப் பிடித்துத் தன் பிடரியில் வைத்தார். தோலுக்கு அடியில் திருகுத் தலைபோல ஏதோ தட்டுப்பட்டது.

“ஆபரேஷன் பண்ணிக் கழுத்துக்குள்ள தகடு வச்சிருக்காராம் மாமா,” என்றார் மைத்துனர். “கம்பெனிக்குத் தெரியாதாம். தன்னை எறியப்போறவன்கிட்ட மட்டும் சொல்வாராம்.”

“நம்ம பலகையைப் பத்திச் சொன்னியா மாப்ளே?”

“அவரே ஏறிக் குதிச்சுப் பார்த்துட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.”

“மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

மைத்துனர் கேட்டுச் சொன்னார். “இதுதான் கடைசிச் சுற்றாம். மாட்டேன்னா ஒப்பந்தம் போச்சு, விழுந்தா கழுத்து போச்சு. ரெண்டுல கழுத்துக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குங்கறாரு. சிரிக்கிறாரு மாமா, நீங்களும் சிரிங்க.”

பீரோ சிரிக்கவில்லை. கழுத்து விஷயத்தைச் சொல்லாமல் விரிவாக்கத்திடம் போனார்.

“சார், தூக்குறேன். எறியாம வச்சா ஆகாதா?”

“அண்ணே, எழுதிக் குடுத்தது ‘எறிகிறார்’. முத்திரை குத்தியாச்சு.”

“பலகை கெட்டியா இருக்கே.”

“முப்பது வருஷமா விழுறவரு. விழுறது அவர் வேலை, எறியறது உங்க வேலை.” விரிவாக்கம் குரலைத் தாழ்த்தினார். “இதுக்கு முன்னாடி ரெண்டு நாட்டுல சரிப்படல. இங்கயும் இல்லேன்னா நான் பழையபடி ஷாம்பு விக்கப் போகணும். உங்களுக்கும் மாடிப்படிதான். யோசிச்சுக்குங்க.”

பீரோ வீட்டில் போய் யோசித்தார். அவர் யோசித்தால் சாப்பாடு குறையும். மனைவி கண்டுபிடித்துவிட்டார்.

“எறிஞ்சுட்டு வாங்களேன். அதுக்குத்தானே கூப்பிட்டாங்க?”

“உடைஞ்சா?”

“அது என்ன, கண்ணாடி அலமாரியா?”

பீரோ பிடரியில் தட்டுப்பட்ட திருகைப் பற்றிச் சொன்னார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, குழாயடியில் நின்றபடி சொன்னார்: “அதை எதுக்கு என்கிட்ட சொன்னீங்க? இப்ப என்னாலயும் எறியச் சொல்ல முடியல.”

காட்சி பிற்பகலில் வைக்கப்பட்டது. நேரடி ஒளிபரப்பைக் காசு கொடுத்துப் பார்க்கும் தேசங்களில் அப்போது மாலை. இங்கே அது தூங்கி வழியும் நேரம். ஆனாலும் அரங்கம் நிறைந்தது. எரிமலை வந்தபோது மரியாதைக்குத் தட்டினார்கள். கசாப்புக்காரன் வந்தபோது எழுந்து நின்றார்கள். முன் வரிசையில் நாடக ஆய்வாளர் மடியில் பிரதியை விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திக்கொண்டிருந்தார். படிப்பதில் மும்முரமாக இருந்ததால் சண்டையைப் பெரும்பாலும் பார்க்கவில்லை. குத்து, உதை, கயிற்றில் மோதல் எல்லாம் வரிசைப்படி நடந்தன. கசாப்புக்காரன் பலகையில் முழங்காலை ஊன்றும்போதெல்லாம் கதவை இடித்ததுபோல் சத்தம் கேட்டது.

கடைசிப் பக்கம் வந்தது. பீரோ குனிந்தார், பிடித்தார், தூக்கினார். அந்தப் பெரிய உடம்பு அவர் தலைக்கு மேல் படுக்கை வாக்கில் நின்றது. எறிய வேண்டிய கணம் வந்தது, போனது. பீரோ தூக்கியபடியே நின்றார். ஒளிபரப்பு மேசையருகே விரிவாக்கம் கையால் எறிந்து காட்டினார். மேடை ஓரத்தில் நின்ற மைத்துனர், கசாப்புக்காரனின் தலை மூலைக் கம்பத்தை நோக்கிச் சாய்வதைப் பார்த்தார். இத்தனை வருஷ வாய்ப்பழக்கம் முந்திக்கொண்டது.

“முனை, மாமா, முனை! நிமிர்த்து... மெதுவா... வை.”

அந்தக் குரலுக்கு பீரோவின் கைகள் எத்தனையோ மாடிகளில் கீழ்ப்படிந்தவை. ஒரு காலைப் பின்னால் வைத்தார், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கினார். கசாப்புக்காரன் நிமிர்ந்த வாக்கில் இறங்கினார். முதலில் ஒரு பாதம் பலகையைத் தொட்டது, பிறகு மற்றது. சத்தமே இல்லை. பீரோ அத்தோடு விடவில்லை. இரு தோள்களையும் பிடித்து லேசாக அசைத்தார். ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுத்தார். ஓரடி பின்னால் போய், நேராக நிற்கிறாரா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

சத்தம் வராததைக் கண்டு ஆய்வாளர் நிமிர்ந்தார்.

கசாப்புக்காரன் ஒரு நொடி நின்றார். பிறகு முப்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. கண்ணை மேலே சொருகினார், உட்கார்ந்தார், விடுதிக் கட்டிலில் படுப்பவரைப்போல நிதானமாக மல்லாந்து படுத்தார். நடுவருக்கு வேறு வழி தெரியவில்லை, எண்ணினார். பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்னால் வந்து சேர்வதற்குள் கைதட்டலாகியிருந்தது.

“‘எறிகிறார்’னு இருக்கு,” என்றார் ஆய்வாளர், ஓடி வந்த விரிவாக்கத்திடம். “எறியலையே.”

“விழுந்தாரே சார்.”

“அது அடுத்த வரி. அந்த வரியில எனக்கு ஆட்சேபணை இல்ல.”

மீதிக் காட்சிகளுக்கான அனுமதி ரத்தானது. பணியை நிறைவேற்றாத நாயகனுக்கு நிரந்தர இடம் இல்லை என்று நிறுவனம் தெரிவித்தது. அதே நிறுவனத்துக்கு அந்தக் காட்சித் துண்டுபோல வேறெதுவும் உலகெங்கும் ஓடவில்லை. ஆழ்ந்த பண்பாட்டு ஆய்வின் பேரில் வடிவமைத்த உத்தி என்று தலைமையகம் அறிவித்தது. ‘எரிமலையின் கருணை’ என்று அதற்குப் பெயரும் வைத்தது. இப்போது வேறு நாடுகளில் அதை வேறொருவர் செய்கிறார், நிஜமாகவே ஆறரை அடி உயரமானவர். ஆனால் அவர் ஆட்டிப் பார்ப்பதில்லை. விரிவாக்கத்துக்குப் பதவி உயர்ந்தது. பதவியின் பெயரும் இன்னும் நீண்டுவிட்டது.

கசாப்புக்காரன் புறப்படும்போது கிடங்குக்கு வந்து நெடுநேரம் பீரோவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொல்றாரு மாப்ளே?”

“நிறைய பேர் அவரை எறிஞ்சிருக்காங்களாம். ஆடுதான்னு யாரும் பார்த்ததில்லையாம்.”

“வச்சா பார்க்கணும்ல,” என்றார் பீரோ.

மறுவாரம் மூன்றாம் மாடியில் ஒரு துணி துவைக்கும் இயந்திரம். மனைவி முழங்காலுக்கு உறை வாங்கிக் கொடுத்திருந்தார். மாட்டிக்கொண்டுதான் ஏறினார். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது. காட்டெருமைகள், சொந்த மண், இரக்கம் என்ற சொல்லையே அறியாதவர், எல்லாம் அப்படியே. யாரும் திருத்தவில்லை.

காட்சி நடந்த அந்தப் பிற்பகலில் அவர் ஒரு மனிதரைத் தலைக்கு மேல் தூக்கினார். நிமிர்த்திக் கீழே வைத்தார். ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.