கேரோ-கான் ஆடிய ஞாயிற்றுக்கிழமை

நர்ஸ் வேலையில் மாற்றலாகி கம்பைநல்லூருக்கு வந்து மூன்று வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் நான் செஸ் ஆடியதெல்லாம் போனில்தான். எதிரில் ஆடுவது யாரென்றே தெரியாது. போன வருடம் தருமபுரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த போட்டிக்குத் தனியாகப் போனேன்.

முதல் சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். நான் ராணிப் பக்கத்து பிஷப்புக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே கட்டம் தள்ளினேன். கேரோ-கான் என்பார்கள், அவசரமில்லாத, பொறுமையான தொடக்கம். இரண்டு மணி நேரம் கழித்து அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்.

"கேரோ-கான் தானுங்களே?" என்றார். "தொப்பூர்ல லாரிப் பட்டறை வச்சிருக்கேனுங்க. இதப் பத்திப் பேச அங்க ஒரு ஆளில்லீங்க."

"எனக்கும் இல்லீங்க."

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. காய்களை மறுபடி அடுக்கி, அவர் எங்கே தவறினார் என்று இருவரும் தேடினோம். கண்டுபிடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்கு அழைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் பார்த்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். முதல் சுற்றில் ஜெயித்ததை யாரிடம் சொல்வது என்று பேருந்தில் ஊர் வரும்வரை யோசித்தேன். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. இறங்கி, இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.