பொங்காலைக்காரியின் அச்சு

நான் பல் செய்கிறவள். திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தில் ஒரு பல் லேபில் பதினான்கு வருடமாக வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, இல்லாத பல்லை மெழுகில் செதுக்கிக் கொடுக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்கள் இம்மி பிசகினாலும் வைத்துக்கொள்கிறவருக்கு நாலு நாள் சோறு இறங்காது. அதனால் பிசக விடமாட்டேன்.

அந்தக் கைப்பழக்கத்தில்தான் பொம்மை செய்ய ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கட்டைகளை மாட்டி வீடு கட்டி விளையாடும் பெட்டிகளில் குட்டி மனிதர்கள் வருவார்களே, மஞ்சள் முகமும் சதுரக் காலுமாக, அவர்கள்தான். பெருவிரல் நீளம்கூட இருக்க மாட்டார்கள். மொட்டை உடம்பாக வாங்கி, அதன்மேல் புட்டியால் கொண்டை, தலைப்பாகை, வேட்டி, சேலை என்று வைத்துப் புது ஆளாக ஆக்குவேன். நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டை வரும், சேர்த்துப் பிசைந்தால் பச்சையாகும், அந்தப் புட்டி. தபாலில் வரவழைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் நாம் சொன்னபடி கேட்கும், மறுநாள் கல். பிறகு அதிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் என்கிற இறுகும் பிளாஸ்டிக் திரவத்தை ஊற்றி, ஒன்றைப் பத்தாக வார்ப்பேன்.

திருவனந்தபுரத்தில் இதே கிறுக்குப் பிடித்தவர்கள் ஒரு முப்பது பேர் இருக்கிறோம். வாட்ஸ்அப் குழு உண்டு. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஹாலை வாடகைக்கு எடுத்து, மேசை போட்டு, செய்ததையெல்லாம் வைப்போம். முக்கால்வாசிப் பேர் ஐடி கம்பெனிப் பையன்கள். அவர்களுக்கு நான் ‘ஃபினிஷிங் சேச்சி’. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் என் வேலையில் ஒரு கீறல் அகப்படாது என்பதால் வந்த பெயர். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போது தெரியவில்லை.

என் கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கவுண்டரில் நிற்கிறார். ஆணி, கீல், குழாய், பெயின்ட். தடித்த விரல்கள். என் பொம்மைகளைப் பார்க்கும்போதெல்லாம் “கொள்ளாம்”, அதாவது பரவாயில்லை என்பார், தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போவார். எட்டு வருடமாக அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய ஆள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர், தலையில் சும்மாடு, கைகளை முழங்காலில் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இது எங்க கெடச்சுது?”

“நானாக்கும் செய்தேன். பைப் ஒழுக்கை அடைக்கிற புட்டி ஒரு டப்பா ஒடஞ்சு கெடந்து. வீணாப் போகாண்டாம்னுட்டு. மத்தியானம் ஆளும் இல்ல.”

நான் சிரித்தேன். குழாய்ப் புட்டி இருபது நிமிடத்தில் இறுகிவிடும், சொரசொரவென்று இருக்கும். எந்தப் பொம்மைக்காரரும் தொடமாட்டார். ஆளுக்குக் கண் இல்லை. முதுகில் அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

“உருண்டை உருண்டையா இருக்கே” என்றேன்.

“ஓ, உருண்டைதான்” என்று அவரும் சிரித்தார்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே மேசைப் பக்கம் போனேன். அந்த ஆள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவருக்கு அன்று இன்னும் நாலு லாரி பாக்கி இருப்பது தெரிந்தது. எழுந்திருக்க மனமில்லாதது தெரிந்தது. அதை எடுத்து அலமாரியில் என் பொம்மைகளுக்குப் பின்னால் வைத்தேன். இடம் இல்லாததால் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. வாரத்துக்கு ஒன்று வந்தது. அவர் கேட்டால் மட்டும், “பச்சைப் புட்டியில செய்யுங்க, அப்பத்தான் விரல் நிதானமாகும்” என்பேன். அவர் என் புட்டியைத் தொடவே இல்லை. “உன் புட்டி ரொம்ப நேரம் தரும். எனக்கு யோசனை வந்துரும்” என்றார்.

அந்த வருடம், பெண்கள் தெருவில் அடுப்புக் கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலைக்கு, எங்கள் தெருவில் வழக்கம்போல அடுப்பு வைக்க ஒரு சாண் இடம் பாக்கியில்லை. நானும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் மதினியும், அதாவது அவருடைய அக்காவும், பக்கத்துப் பக்கத்தில் செங்கல் கூட்டினோம். என் கணவர் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டும், புகையில் இருமிக்கொண்டும் திரிந்தார். அடுத்த வாரம் பொட்டலத்தில் ஒரு பெண் வந்தாள்.

குந்தி உட்கார்ந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, அடுப்பை ஊதப் போனவள், புகை முகத்தில் அடித்ததும் சட்டென்று தலையைத் திருப்பியிருந்தாள். முந்தானையை வாயோடு இழுத்துப் பிடித்திருந்தாள். அடுப்பு இல்லை, பானை இல்லை. அவள் மட்டும்தான். பிளாஸ்டிக் பொம்மையின் சதுரக் கால் முழங்காலில் மடங்காது என்பதால் அந்த உடம்பை விட்டுவிட்டு, முழு ஆளையும் புட்டியிலேயே பிடித்திருந்தார். நான் எட்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்த உடம்பை விட்டு வெளியே வந்ததில்லை.

அந்த வருடக் கண்காட்சிக்கு நான் மூன்று மாதம் உழைத்து ஒரு கல்யாண மேளக் கோஷ்டி செய்திருந்தேன். ஒன்பது பேர். நாதஸ்வரத்தில் ஏழு துளையும் இருந்தது. தவிலில் வார் முறுக்கு இருந்தது. மேசையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. “உங்க பொங்காலைக்காரியையும் கொண்டு வாங்க” என்று நானேதான் சொன்னேன். பெருந்தன்மை காட்டுவதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

எல்லோரும் வந்தார்கள். மேளக் கோஷ்டியைக் குனிந்து பார்த்து, “சேச்சியோட ஃபினிஷிங்!” என்றார்கள். பிறகு இரண்டடி நகர்ந்து ஓரத்துக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. வயதான ஒரு அம்மாள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகளிடம் மலையாளத்தில், இதைப் பார்க்கப் பார்க்கத் தனக்கே கண் எரிகிறது என்றார். சொல்லிவிட்டு நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நாதஸ்வரக்காரரை ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை.

குழுவை நடத்தும் பையன் என்னிடம் வந்தான். “சேச்சி, இதுக்கு ஒரு அச்சு எடுக்கணும் கேட்டோ. எங்களுக்கு ஆளுக்கொண்ணு வேணும்.”

“நீ தானே எடுக்கணும், எனக்கு அது தெரியாதுல்லா” என்றார் என் கணவர் என்னைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மதினி வந்தார். பொம்மையைக் கையில் எடுத்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“லே, இது நம்ம அம்மையாக்கும்.”

“அப்படியா? நான் ஆரையும் நெனச்சுச் செய்யல்லியே.”

“அம்மைதான். புகை வந்தா இப்படித்தான் திரும்புவா. உனக்கு மனசிலாகல்லியா?”

என் மாமியார் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவர் இறந்த வருடமே, கல்யாண போட்டோவைப் பார்த்து நான் அவரைப் பொம்மையாகச் செய்து மதினிக்குக் கொடுத்திருந்தேன். மதினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “சேலைக் கரையெல்லாம் அப்படியே இருக்கு” என்றார். கண்ணாடி அலமாரியில் வைத்தார். அன்று அவர் அழவில்லை. இன்று, சேலைக்குக் கரையே இல்லாத இந்தச் சாம்பல் நிறப் பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். நான் காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்காமலேயே நின்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் அச்செடுக்க உட்கார்ந்தேன். அவர் கடையில் இருந்தார். பொம்மையைப் பாதி உயரத்துக்குக் களிமண்ணில் புதைத்து, சுற்றிலும் அட்டை கட்டி, மேல் பாதிக்குச் சிலிக்கோன் ஊற்றினேன். அது இறுகியதும் கவிழ்த்துக் களிமண்ணை எடுத்தேன். அடுத்து, இறுகிய சிலிக்கோன்மேல் வாசலின் தடவ வேண்டும். தடவிய பிறகுதான் மறு பாதியை ஊற்றலாம். தடவாவிட்டால் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும்; பிரிக்கவே முடியாது. லேபில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லுவேன்.

வாசலின் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிரஷ்ஷும் இருந்தது. நான் டப்பாவைப் பார்த்தேன். பிறகு சிலிக்கோனைக் கலக்கி ஊற்றினேன். மறந்துவிட்டேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தது உண்டு. அந்தப் பொய் நிற்கவில்லை. ஊற்றும்போது வழக்கத்தைவிட நிதானமாகவே ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். அட்டையைப் பிரித்தேன். இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை.

“பிரியல்லியா?”

“பாக்கேன்.”

பிளேடால் அறுத்தேன். அவர் கட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தலை தனியாக வந்தது. ஊன்றிய கை இரண்டு துண்டாக வந்தது. முந்தானை பொடிந்து போனது. மடங்கிய கால்கள் ரப்பருக்குள்ளேயே சிக்கிக்கொண்டன.

“சிலிக்கோன் பழசு போல” என்றேன்.

அவர் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து, “சாரமில்ல. நீ என்ன செய்வ, விடு” என்றார். அவரே போய் எனக்குக் கட்டன் சாயா போட்டுக்கொண்டு வந்தார். கொஞ்சம் கழித்து மதினியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: “பொம்மை போச்சு. அதவிட இவளுக்குத்தான் ரொம்ப விஷமம்.”

மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். அவர் அந்தப் பொருளில்தான் சொன்னார். எனக்கு அது தமிழாகவே காதில் விழுந்தது.

ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாம் நாள் காலையில் அவர் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அன்னைக்கு நான் வாசலின் தடவல்ல.”

“மறந்துட்டியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

“இல்ல. தெரிஞ்சேதான் விட்டேன்.”

துருவுகிற சத்தம் நின்றது.

“எதுக்கு?”

“எல்லாரும் அதையே பாத்தாங்க. என்னோடத ஆரும் பாக்கல்ல.”

அவர் கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “அக்கா அழுதப்போ நீயும் அங்கதானே நின்ன” என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

நாலு நாள் பேச்சில்லை. பால் வந்தாச்சா, கேஸ் தீந்தாச்சா, இவைதான். மதினியிடம் சொல்லியிருப்பார், மதினி வந்து கேட்பார் என்று தினமும் எதிர்பார்த்தேன். மதினி வந்தார், வழக்கம்போல முருங்கைக்கீரை கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். என் கணவர் சொல்லவே இல்லை என்பது புரிந்தது. மதினி கேட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பிறகு அவர் பொங்காலைக்காரியை மறுபடி செய்தார். இந்தத் தடவை அம்மாவை நினைத்தே செய்தார். பழைய போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டார். கண் வைத்தார், மூக்குத்தி வைத்தார். செய்து முடித்து மேசைமேல் வைத்தபோது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அது குந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்மை. புகை எங்கும் இல்லை. அதைப் பார்த்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது. அவர் அதை இழுப்பறையில் போட்டு மூடும் சத்தத்தில்தான் அந்தச் சந்தோஷம் போனது.

அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. வேறு ஆட்களைச் செய்தார். அச்சையும் வார்ப்பையும் போனில் வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொள்ளத் தொடங்கினார். என் மேசைக்கு வரவில்லை. பின்பக்கம் துவைகல்லின்மேல் பலகை போட்டு வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ரெசினை முட்டை அடிப்பதுபோல் அடித்துக் கலக்குவார். நுரை நுரையாகக் குமிழி வரும். வார்ப்பில் மூக்கு இருக்காது, விரல் இருக்காது. சொல்லிக் கொடுக்க வாய் துறுதுறுத்தது. சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று நின்றேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் கண்டக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். கண்டக்டருக்கு மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை.

“எப்பவும் இங்கதான் போகுது. எதுனால?”

“அடிக்காண்டாம். மெதுவாக் கிண்டணும்” என்றேன். “ஊத்துறதுக்கு முன்ன அச்சுல டால்கம் பவுடர் தூவி ஊதிருங்க. மூக்குக் குழியில ஈர்க்குச்சியால முதல்ல ஒரு துளி ரெசின் விட்டுட்டு, அப்புறம் மத்தத ஊத்துங்க.”

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போதே, இது சரியாக வந்தால் எப்படியிருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. இரண்டு மணி நேரம் கழித்து, மூக்கோடு இருந்த கண்டக்டரைத் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டினார். நன்றாக இருந்தது. என்னால் செய்ய முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

இந்த வருடம் ஹாலில் எங்களுக்கு இரண்டு மேசை. அவருடைய பொம்மைகளை அவரே வார்த்திருந்தார். மூலப் பொம்மை ஒன்றையும் அவர் இதுவரை என் கையில் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. நான் இந்தத் தடவை சதுரக் கால் உடம்பை விட்டுவிட்டு, லேபில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணைச் செய்து வைத்திருந்தேன். கழுத்து கொஞ்சம் கோணல். யாரும் ஃபினிஷிங் என்று சொல்லவில்லை.

மத்தியானம் புதிதாகக் குழுவில் சேர்ந்த ஒரு பையன் அவரிடம் குமிழி இல்லாமல் வார்ப்பது எப்படி என்று கேட்டான். அவர் என் பக்கம் கையைக் காட்டி, “அவகிட்டக் கேளு. எனக்கும் அவதான் சொல்லித் தந்தா” என்றார். பையன் வந்தான். கால் மணி நேரம் பொறுமையாக எல்லாம் விளக்கினேன். விளக்கும்போதே அவன் தோளுக்கு மேலாக என் கணவரின் மேசைமுன் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொரு பேர் இருந்தார்கள்.