பால் காய்ச்சிய வீட்டின் திறப்பு

கிண்ணியா மஹ்ரூப் பாஸ் கூலிக்கு வீடு கட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். மனிதரை நம்புவதில் மகா கஞ்சன். கடைசிக் காசு கைக்கு வரும்வரை முன்வாசல் பூட்டின் திறப்பு அவருடைய இடுப்பில்தான் தொங்கும். முன்பொருமுறை, ஓர்ஸ் ஹில்லில் "ஒரு நாளைக்கு மட்டும்" என்று திறப்பைக் கேட்ட வீட்டுக்காரருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தார். மறுநாள் போனால் கதவில் வேறு பூட்டு. "கூலி வரும்வரை கட்டடத்தை உங்கட கைவசம் வைச்சிருக்கலாம். நீங்களாக் குடுத்திட்டா அந்தப் பிடி போயிற்று" என்று சட்டத்தரணி கையை விரித்துவிட்டார்.

இப்போது பாலையூற்றில், ஓய்வுபெற்ற கனகசுந்தரத்தின் புது வீடு. பின் அறைக்கு மேலே கொங்கிறீட் தட்டு கசிகிறது என்று சொல்லி அவர் கடைசித் தொகையைப் பிடித்து வைத்திருந்தார். மழையே இல்லாத காலத்தில் என்ன கசிவு என்பது மஹ்ரூபின் கேள்வி. அந்தத் தகராறு தீருமுன்பே அவரிடமிருந்து போன் வந்தது.

"பாஸ், வியாழக்கிழமை நல்ல நாள். பால் காய்ச்ச வேணும். திறப்பைத் தாங்கோ."

"நானே வந்து திறந்து விடுறன் ஐயா."

மனைவி நுஸ்ரத் சிரித்தாள். "பால் காய்ச்ச வாற ஆக்களோட பூட்டு மாத்திறவனும் வருவான். பாத்துக்கங்க."

அந்தக் கதை மஹ்ரூபின் மண்டைக்குள் ஏறிவிட்டது. வியாழன் காலையில் வாசலை மறித்து நின்று, வந்தவர்களின் தேங்காய்ப் பையைக்கூட எட்டிப் பார்த்தார். கனகசுந்தரத்தின் மகள் தயாளினி பாயும் தலையணையுமாக வந்து இறங்கினாள்.

"இது என்னத்துக்குப் பிள்ள?"

"பால் காய்ச்சின வீட்டை அண்டைக்கு இருட்டில பூட்டி விடக் கூடாது, பாஸ். நாங்கள் இங்கதான் படுப்பம். தெரியாதோ?"

தெரியாது. மற்ற வீடுகளில் கணக்குத் தீர்ந்த பிறகுதான் பால் பொங்கியது. அப்போது அவர் அங்கே இருந்ததில்லை. ஒரு ராத்திரி படுத்து எழும்பினால் வீடு அவர்கள் கைக்குப் போய்விடும். உள்ளே அடுப்பு மூட்டியாயிற்று; இனி வெளியே போகச் சொல்லவும் முடியாது.

"அப்ப எனக்கும் ஒரு பாய் போடுங்க. திறப்போட நானும் படுக்கிறன்."

கனகசுந்தரம் சீறினார். "எங்களைக் கள்ளரெண்டு நினைச்சிட்டீங்களோ?"

"நீங்க என்ர தட்டை ஓட்டைத் தட்டெண்டு சொல்லேல்லையா ஐயா?"

"நல்ல நேரம் போகுது!" தயாளினி குறுக்கே வந்தாள். "அப்பா, பின் அறைக்கு மட்டும் காசைப் பிடிச்சுக்கொண்டு மிச்சத்தைக் குடுங்கோ. அந்த அறைத் திறப்பு பாஸிட்டயே இருக்கட்டும். மழை வரேக்க கசியுதோ எண்டு பாப்பம்."

கனகசுந்தரம் முணுமுணுத்துக்கொண்டே போனைத் தட்டிக் காசை அனுப்பினார். மஹ்ரூபுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அவர் அதை நம்பவில்லை. வீட்டிலிருந்த நுஸ்ரத்தைப் போனில் கூப்பிட்டு வங்கி மெசினுக்கு ஓடவிட்டார்.

"வந்திரிக்கி" என்று அவள் சொன்ன பிறகுதான் முன்வாசல் திறப்பு கைமாறியது. அதற்குள் பால் பொங்கி அடங்கியிருந்தது.

மஹ்ரூப் தன் சாமான்களைப் பின் அறையில் போட்டுப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தார். முன்வாசலடியில் நின்று திரும்பினால், கனகசுந்தரமும் அதே பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.