முன்வரிசையில் யார்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஷூட்டிங். புரொடக்‌ஷன் மேனேஜர் என்னிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் நாற்பது பேர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘ரிச்’, ‘மாஸ்’ என்று இரண்டு கட்டங்கள்.

“கலரா இருக்கறவங்க ரிச், மேடைக்கு முன்னால உக்கார வெய்யி. மத்தவங்க மாஸ், பின்னால நிக்கட்டும். வெரசா முடி அம்மணி,” என்றார்.

பத்து நிமிடத்தில் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொடுத்த வேலையைப் பிழையில்லாமல் முடிப்பதில் எனக்குக் கர்வம் உண்டு. ராஜாமணி அக்காவிடம் மட்டும் மாட்டிக்கொண்டேன். அவருக்குப் பெருந்துறையில் ஸ்பின்னிங் மில் வேலை; லீவு நாளில் நடிக்க வருபவர்.

“ஏனுங் அம்மணி, நான் எங்கீங்க நிக்கோணும்?”

“பின்னாலங்க்கா.”

அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். “ரெண்டும் ஒரே கலருதானுங்களே? அப்ப நீங்களும் வாங்க, சேந்தே நிப்போம்.”

பின்வரிசை மொத்தமும் சிரித்தது. நான் படிவத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மாலையில் மேனேஜர், “நல்லாப் பிரிச்சிருக்கற கண்ணு,” என்றார். அந்தப் பாராட்டை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

2. ரப்பர் மேடம்

ஆறு வருடம் கழித்து, கோவையில் ஒரு படக் கம்பெனியில் எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் ஆனேன். முதல் வேலையாக அந்த இரண்டு கட்டங்களையும் படிவத்திலிருந்து அழித்தேன். கேமரா, லைட் யூனிட்டுகளில் பெண்களைச் சேர்த்தேன். சிபாரிசு இல்லாதவர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். ஆபீஸில் எனக்கு ‘ரப்பர் மேடம்’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால், கட்டங்களை அழித்த கதையைத்தான் முதலில் சொல்வேன்.

நான்காவது படத்தில் ஒரு கல்யாணக் காட்சி. மாப்பிள்ளையின் அத்தைக்கு நான்கு வரி வசனம். ராஜாமணி அக்காவின் வாய் எனக்கு மறக்கவில்லை. தேடிப் பிடித்து வசனத்தைக் கொடுத்தேன். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, நான்கு வரியையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

3. இரண்டு பஸ்

ஷூட்டிங் அன்று ஆபீஸ் வேலை முடித்து நான் போய்ச் சேரும்போது மணி பத்து. முன்வரிசை நிறைந்திருந்தது. அத்தையின் நாற்காலியில் துடியலூரிலிருந்து வந்த சிவந்த பெண் ஒருத்தி. நான்கு வரியும் பேசி முடித்து, ஷாட்டும் எடுத்தாகிவிட்டது. ராஜாமணி அக்கா அப்போதுதான் பட்டுப்புடவையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்களைக் கூட்டி வரும் ஏஜென்ட் பொன்னுசாமியைப் பிடித்தேன்.

“நீங்க கட்டத்த அழிச்சுப்போட்டீங்க. டைரக்டருங்க முன்னால கலரு கேக்கறாங்களே? அதான் பஸ்ஸுலயே பிரிச்சுப்போட்டேனுங்க. ரிச் பஸ்ஸு ஏழு மணிக்கு வந்துரும், மாஸ் பஸ்ஸு பத்து மணிக்குத்தான் வரும். உங்க மூணு படமும் இப்பிடித்தானுங்க போச்சு,” என்றார், சாதாரணமாக.

மூன்று படம். மூன்றிலும் நான் இருந்தேன். ஒருநாளும் பஸ்ஸைப் பார்க்கவில்லை.

டைரக்டர் சென்னைக்காரர். “ஷாட் ஓகே ஆயிடுச்சு மேடம். இது பெரிய வீட்டுக் கல்யாணம். அந்த லேடி ஃபிரேம்ல ஒட்ட மாட்டாங்க.”

“பெரிய வீட்டுல கருப்பா அத்தை இருக்க மாட்டாங்களா? உங்க சொந்த அத்தை என்ன கலருங்க?”

பின்னால் ஒரு கேமரா உதவியாளர் இருமினாள். டைரக்டர் புரொட்யூசருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார். அக்காவை வைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்றேன்.

“அரை நாள் வீணாப் போயிருமே அம்மணி. உன்ற நியாயத்த அடுத்த படத்துல வெச்சுக்கயேன்.”

“அடுத்த படத்துக்கும் இதே பஸ்ஸுதானுங்க வரும்.”

“ரீடேக் சரியா வரலீன்னா?”

“அடுத்த படத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.” என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது.

“செரி, எடு,” என்று போனை வைத்தார்.

துடியலூர்ப் பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவளை அத்தையின் மகளாக்கிப் பக்கத்திலேயே உட்காரவைத்தோம். ராஜாமணி அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் டேக்கில் இரண்டாவது வரி மறந்துபோனது. இரண்டாவது டேக்கில் முதல் வரியே வரவில்லை. டைரக்டர் வாட்ச்சைப் பார்த்தார்.

“ஏனுங் அம்மணி,” அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார், “நீங்க கொஞ்சம் வெளிய போங்க. நீங்க நகத்தக் கடிக்கறதப் பாத்தா எனக்கு வசனமே வர்றதில்லீங்க.”

யூனிட்டே சிரித்தது. நான் வெளியே போய் மண்டபக் கதவோரம் நின்றேன். உள்ளே அக்கா சம்பந்தியை ஏசுவது கேட்டது. நான்கு வரியும் வந்தது. பிறகு சத்தமே இல்லை. ‘ஓகே’ என்ற சொல் வரும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும், வரிசையில் வந்தபடியே ஏற வேண்டும் என்று மாற்றினேன். காலையில் போத்தனூரில் பஸ் ஏறும் இடத்தில் நானே போய் நிற்கிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு வழக்கத்தை ஒழித்துவிட்டோம் என்று தோன்றினால், அது இப்போது எங்கே குடிபோயிருக்கிறது என்று அதே வாரம் தேடுங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் சாப்பாட்டுப் பந்தியில் கண்டுபிடித்தேன்: கலராக இருப்பவர்களுக்கு முதல் பந்தி, மற்றவர்களுக்கு இரண்டாவது.