ஜெரோம் கட்டர் நடிக்காத வெள்ளிக்கிழமை

ஆசா விட்லோவின் பேனாவுக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நடிகர்கள் எல்லோரும் பயந்தார்கள். சனிக்கிழமைதோறும் வரும் வாரப் பத்திரிகையில் இருபது ஆண்டுகளாக நாடக விமர்சனம் எழுதியவர். பார்க்காத ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நண்பன் என்பதற்காக யாரையும் புகழ்ந்ததும் இல்லை. உயிர்த் தோழன் ஜெரோம் கட்டர் விஷயத்தில் இன்னும் கறார். தூதன், காவலாள் என்று துண்டு வேடங்களே கட்டிவந்த ஜெரோமைப் பற்றி, "கட்டரும் மேடையில் இருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"ஏம்ப்பா, நான் மேடையில இருந்தது ஊருக்கே தெரியும். நடிச்சேனான்னு எழுதேன்!" என்று சிரிப்பார் ஜெரோம்.

1874 மார்ச்சில் முதன்மை நடிகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணிழந்த தளபதியின் வேடம் ஜெரோமுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை, ஒரே ஒரு ஆட்டம். வியாழக்கிழமை ஒத்திகையை ஆசா பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அழுகை வந்துவிட்டது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பாதியிலேயே எழுந்து வெளியேறினார்.

பத்திரிகை வெள்ளி நண்பகலே அச்சுக்குப் போய்விடும். அடுத்த வாரம் நாடகக் குழு மெம்ஃபிஸுக்குக் கிளம்பிவிடும். வேறு வழி தெரியாமல், நடக்காத ஆட்டத்தைப் பார்த்ததாகவே எழுதிக் கொடுத்தார்.

அன்று நான்கு மணிக்கு ஒப்பனை அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த ஜெரோம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பத்திரிகை வந்தது: "நேற்று மாலை கட்டர் நம் எல்லோரையும் அழவைத்தார்." ஊர் கைகொட்டிச் சிரித்தது. ஆசிரியர் ஆசாவை வேலையிலிருந்து நீக்கினார். அது அவருக்கு உறைக்கவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் ஜெரோமின் மனைவி லவினியா அவரைத் தனியே அழைத்தாள். கையில் அந்தப் பத்திரிகை.

"இது பொய்யா, விட்லோ?"

"இல்லம்மா. ஒத்திகையில பாத்தேன். ஒரு சொல்கூட மிகையில்ல."

"அப்போ அவர்கிட்ட சொன்னீங்களா?"

ஆசா தலைகுனிந்தார். "சனிக்கிழமை பேப்பர்ல படிக்கட்டும்னு... சொல்லாம வந்துட்டேன்."

"ராத்திரி பூரா தூங்கல அவர். 'ஆசா பாதியில எழுந்து போயிட்டான் லவினியா, அவ்வளவு மோசமா நடிச்சேனா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஆசாவுக்குப் பட்டது.

வேறு பத்திரிகைகள் கூப்பிட்டும் அவர் போகவில்லை. ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் கடிதம் எழுதும் வேலையில் பதினோரு ஆண்டுகள் இருந்தார். நாடக அரங்கு இருந்த தெருவில் அப்புறம் அவரை யாரும் பார்த்ததில்லை.