அவள் கை காட்டிய இடம்

தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர்களின் தப்பைக் கேட்டு நான் கத்தாத நாள் கிடையாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது என் வேலை. முள் மயிரிழை விலகி நின்றாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் முன்னால் ஒருவர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, "காற்றழுத்தம் மேலும் அதிகரித்துப் புயலாக மாறும்" என்றால் எப்படி இருக்கும்? அழுத்தம் குறையக் குறையத்தானய்யா புயல்! இன்னொருவர், ஈரப்பதம் நூறு சதவீதம் என்றால் காற்று முழுக்கத் தண்ணீர் என்றார். அது உண்மையென்றால் செம்பரம்பாக்கம் ஏரி எதற்கு? மூக்கைத் திறந்தாலே போதுமே.

வாய்க் கொழுப்புக்குத் தண்டனை கிடைக்காமல் போகுமா? என் மனைவியே வானிலை சொல்லப் போய்விட்டாள்.

அவள் நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் இன்னா, கீது என்று பேசுவாள். மைக் முன்னால் நின்றால் தமிழ் அவ்வளவு சுத்தமாக வரும். உள்ளூர்க் கேபிளில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவளை ஒரு பெரிய சேனல் கூப்பிட்டது. சிக்கல் என்னவென்றால், ஸ்டுடியோ ஹைதராபாத்தில். "ரெண்டே வருஷம்தாங்க. காண்ட்ராக்ட் முடிஞ்ச அன்னிக்கே வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூந்தமல்லிப் பக்கம் நூம்பலில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும், அவள் வாங்கி வைத்த கறிவேப்பிலைத் தொட்டியும் மிச்சம்.

அவளுடைய முதல் நிகழ்ச்சியைப் பார்க்க மாமனார் பட்டாபிராமிலிருந்து மட்டன் வாங்கிக்கொண்டு வந்தார். செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, சிவப்பாகத் தெரியும் இடங்களில் வெப்பம் கடுமையாக இருக்கும் என்றாள் இவள். நான் தலையில் கை வைத்துவிட்டேன்.

"இன்னா மாப்ளே?" என்றார் மாமனார்.

"அது மேகத்தோட உச்சி மாமா. ஐஸைவிடக் குளிரா இருக்கும். குளிர்ந்த மேகத்தைத்தான் சிவப்புல காட்டுறாங்க."

"செவப்புன்னா சூடு மாப்ளே. அடுப்பு இன்னா பச்சையாவா கீது?" மகளை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

அன்றைக்கு முதல் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. நிகழ்ச்சிக்கு முன்னால் அவள் போனில் கூப்பிட்டு எழுதி வைத்ததைப் படித்துக் காட்டுவாள். நான் வேலை முடிந்து வரும் வழியில், வேலப்பன்சாவடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்பேன். லாரிகள் போகும் இரைச்சலில் நான் அழுத்தம், ஈரப்பதம் என்று கத்துவதைக் கேட்டு டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி அழைப்பாள். எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்: "எதுனா தப்பு கீதா?"

இருக்கும். கட்டாயம் இருக்கும். ஒருநாள் வடகிழக்குக் காற்று என்று சொல்லிக்கொண்டே அம்புக்குறியை வடகிழக்கு நோக்கிக் காட்டினாள். காற்றுக்கு அது புறப்பட்ட திசைதான் பெயர், போகிற திசை இல்லை என்று விளக்கினேன். "அப்போ நான் நெமிலிச்சேரிக் காத்து" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை; ஆனால் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

எந்தத் திருத்தத்துக்கும் அடங்காத தப்பு ஒன்று இருந்தது. அவள் கை. வானிலை சொல்கிறவர்கள் நிற்பது வெறும் பச்சைச் சுவருக்கு முன்னால். வரைபடம் நம் கண்ணுக்குத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டு குத்துமதிப்பாகக் கையை நீட்ட வேண்டும். "தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள தாழ்வு மண்டலம்" என்று இவள் கணீரென்று சொல்வாள். கை கடலுக்குப் போகாது. சென்னையைத் தாண்டி மேற்கே வந்து, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்து நிற்கும். ஒருமுறை இரண்டுமுறை இல்லை, எப்போதும் அதே இடம். வங்கக்கடலே எங்கள் மொட்டை மாடியில் கிடந்தது.

யாரோ அதை வெட்டி ஒட்டிக் கிண்டல் செய்து பரப்பினார்கள். கம்பெனியில் எல்லோர் போனிலும் ஓடியது. நானும் சிரித்துவைத்தேன். மாமனார் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்கு வந்துகினு கீறா மாப்ளே" என்றார்.

அவளிடம் கேட்டேன். "இன்னா பண்றதுங்க, கை தானா அங்கதான் போவுது" என்றாள். அதன்பின் அந்த ஒரு தப்பை நான் திருத்தவில்லை. வானிலை கேட்கவா உட்கார்ந்தேன்? அந்தக் கை வந்து எங்கள் பக்கம் நிற்கும் இரண்டு நொடிக்காகத்தான் அவ்வளவு தூரம் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டாள். சிவப்பு குளிரானது, அழுத்தம் ஒழுங்காகக் குறைந்தது, காற்று வரவேண்டிய திசையிலிருந்து வந்தது. போனில் நான் சொல்லச் சொல்ல அவள் தேறிக்கொண்டே போனாள். நான் கத்திய கத்தலெல்லாம் அவளை அங்கேயே வேரூன்ற வைக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு புயல் வந்தது. காண்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம்கூட இல்லை. வந்ததும் முதலில் கறிவேப்பிலையைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும் என்று பேசிவைத்திருந்தோம். புயலுக்காக அன்று சாயங்காலம் நெடுநேரம் அவளையே பேச வைத்தார்கள். மாமனாரும் நானும் கண் எடுக்காமல் பார்த்தோம். மைய அழுத்தம் குறைவதால் புயல் வலுக்கிறது என்றாள். சிவப்பு என்பது மேக உச்சியின் குளிர் என்று பொறுமையாக விளக்கினாள். கடைசியில் புயல் இருக்கும் இடத்தைக் காட்டக் கையை நீட்டினாள்.

கை நேராகக் கடலுக்குப் போனது. புயலின் நடுவில், துல்லியமாக, முள் எண்ணில் நிற்பது போல நின்றது. எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா மாப்ளே, கரீட்டா சொல்றா எம்பொண்ணு!" என்று மாமனார் தொடையில் தட்டினார். நான் திரையில் ஆவடிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள். மேலே இருப்பவர்கள் பாராட்டினார்களாம். இன்னும் மூன்று வருஷத்துக்கு இருக்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். "எல்லாம் உங்களாலதாங்க. அவங்களுக்கு இன்னும் பதில் ஒண்ணும் சொல்லல நான்" என்றவள், வழக்கம்போலக் கேட்டாள்: "எதுனா தப்பு கீதா?"

தேடினேன். தப்பே இல்லாத ஒரு நாளுக்காக எத்தனை நாள் தொண்டை வறள விளக்கியிருக்கிறேன்! இப்போது ஒரு சின்னத் தப்பாவது கிடைக்காதா என்று மனது அலைந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"கைதான்" என்றேன்.

"கையா? கரீட்டா கடல்லதானே வெச்சேன்?"

"அதான் தப்பு."

அவளுக்குப் பின்னால் யாரோ தெலுங்கில் கூப்பிடுவது கேட்டது. அவள் போனை வைக்கவில்லை. பிறகு, தமிழ்நாடு முழுவதற்கும் இப்போதுதான் ஊர் ஊராக மழை சொல்லி முடித்தவள், சின்னக் குரலில் என்னிடம் கேட்டாள்: "நம்ம ஊட்டாண்ட மழ பெய்யுதாங்க?"

ஜன்னலைத் திறந்தேன். மொட்டை மாடிக் கொடியில் கிடந்த என் சட்டைகள் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தன. போனை வெளியே நீட்டிப் பிடித்தேன். கை நனைந்தது.

"கேக்குது" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

"வந்துடு" என்றேன்.